செவ்வாய்ப் படங்கள்: வாசகர் கேட்டவையும் பதில்களும்

செவ்வாய்க் கோளில் கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி ஊர்தி எடுத்த, அலை வரிகள் பதிந்த பாறைப் படம் ஒன்றைச் சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் வெளியிட்டிருந்தோம். அந்த ஊர்தி அனுப்பும் படங்களை நாசா அன்றாடம் தன் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி வைத்துவிடுகிறது என்றும் குறிப்பிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் எழுதியவையே மிகுதி என்பதால் இந்த முறை அவர்களுக்கே இடம் தருகிறோம்.

கேள்வி: ஒரே மலையின் இரண்டு படங்களை மாணவியருக்குக் காட்டினேன். ஒன்றில் வானம் மங்கிய மஞ்சளாகவும் மற்றொன்றில் வெளிர் நீலமாகவும் இருந்தது. எந்தப் படம் பொய் என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். என்ன பதில் சொல்வது?
— ஓர் ஆசிரியை, லாசுப்பேட்டை, புதுச்சேரி

பதில்: இரண்டும் பொய் அல்ல, ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கான விடையும் அல்ல. "அங்கே நாம் நின்றால் கண்ணுக்கு எப்படித் தெரியும்?" என்பதற்கு விடை மஞ்சள் வானப் படம். செவ்வாயின் காற்றில் எப்போதும் மிதக்கும் இரும்பு ஆக்சைடு கலந்த நுண்தூசி நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், பகல் வானம் பழுப்பு மஞ்சளாகத் தெரிகிறது. அந்த வானத்தின் ஒளி விழும் பாறைகளிலும் அதே சாயம் ஏறிவிடுகிறது. நில இயலாளர்களுக்கு இதனால் ஒரு தொல்லை உண்டு. பாறைகளைப் பார்த்து வகை சொல்லும் அவர்களுடைய பழக்கம் முழுவதும் பூமியின் பகல் வெளிச்சத்தில் ஏற்பட்டது. ஆகவே, அதே பாறை பூமியின் வெளிச்சத்தில் இருந்தால் எந்த நிறத்தில் தெரியுமோ அந்த நிறத்துக்குப் படத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். அப்படித் திருத்தும்போது பாறையோடு சேர்ந்து வானமும் மாறி நீலமாகிவிடுகிறது. படத்தின் கீழே உள்ள குறிப்பில் வெள்ளைச் சமன் செய்யப்பட்டது என்ற பொருளில் ஒரு சொற்றொடர் இருந்தால், அது இந்த இரண்டாவது வகை என்று கொள்ளலாம்.

இந்தத் திருத்தம் மனம் போன போக்கில் செய்யப்படுவதில்லை. ஊர்தியின் மேல்தளத்தில், பூமியிலேயே அளந்து வைத்த நிறங்களைக் கொண்ட ஒரு சிறு தகடு பொருத்தப்பட்டிருக்கிறது. நடுவே நிழல் விழுவதற்கு ஒரு குச்சியும் உண்டு. கேமரா அவ்வப்போது அந்தத் தகட்டைப் படம் பிடிக்கும். அதன் நிறங்கள் படத்தில் எவ்வளவு மாறித் தெரிகின்றன என்பதைக் கொண்டே மற்றப் படங்களின் நிறத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்தத் தகட்டின் மீதும் தூசி படிகிறது என்பதால், தூசிக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

2004-இல் செவ்வாயில் இறங்கிய, நாசாவின் மற்றோர் ஊர்தியான ஆப்பர்ச்சூனிட்டியின் படங்களில் நிலைமை இன்னும் வேறு. அதன் கேமரா கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கும். வெவ்வேறு வண்ண வடிகட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக முன்னே சுழற்றி, ஒரே காட்சியைப் பல முறை எடுத்துப் பிறகு பூமியில் சேர்ப்பார்கள். அதன் வண்ணப் படங்கள் பலவற்றில் சிவப்புக்குப் பயன்பட்டது 753 நானோமீட்டர் அலைநீளம். அது நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பின் விளிம்பு. அதனால் அந்த ஊர்தியின் பழைய படங்களையும் கியூரியாசிட்டியின் படங்களையும் அருகருகே வைத்து, செவ்வாயின் நிறம் மாறிவிட்டதா என்று கேட்பதில் பொருளில்லை.

தங்கள் மாணவிக்கு இன்னும் இரண்டு படங்களைக் காட்டுங்கள். ஒன்று, 2015 ஏப்ரலில் கியூரியாசிட்டி எடுத்த சூரிய மறைவு. அதில் சூரியனைச் சுற்றி வானம் உண்மையிலேயே நீலமாக இருக்கிறது. நுண்தூசி நீல ஒளியை முன்னோக்கிச் சிதறடிப்பதால் சூரியன் இருக்கும் பக்கத்தில் மட்டும் அந்த நிறம் தேங்கி நிற்கிறது. மற்றொன்று, 2013 பிப்ரவரியில் அந்த ஊர்தி முதன்முதலாகப் பாறையில் துளையிட்ட படம். விரல் நுழையும் அளவே உள்ள துளை. ஆழம் ஏறக்குறைய 6.4 சென்டிமீட்டர். துளையைச் சுற்றிக் குவிந்த தூள் சிவப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. செவ்வாயின் சிவப்பு பல இடங்களில் மேல்தோல் மட்டுமே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படத்தை நான் பார்த்ததில்லை.

கேள்வி: ஊர்தி முழுவதும் தெரியும் படத்தை யார் எடுத்தார்கள்?
— ஏழாம் வகுப்பு மாணவன், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஊர்தியே எடுத்துக்கொண்டதுதான், தம்பி. அதன் கையின் நுனியில் ஒரு கேமரா இருக்கிறது. கையை நீட்டி, சிறிது சிறிதாகத் திருப்பிப் பல பத்துப் படங்களை எடுத்துப் பூமியில் ஒட்டிச் சேர்க்கிறார்கள். ஒரு படத்தில் கை மறைக்கும் இடத்தை இன்னொரு படத்திலிருந்து எடுத்துக்கொள்வதால், சேர்த்த படத்தில் கை பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. தரையில் விழுந்த நிழலை உற்றுப் பார்த்தால் சில படங்களில் கையின் அடையாளத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: 90 நாள் உழைக்கும் என்று சொல்லி அனுப்பிய ஆப்பர்ச்சூனிட்டி 14 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. நான் பொறியாளனாக இருந்தவன். இவ்வளவு பெரிய வித்தியாசம் வருமென்றால், முதலில் சொன்ன கணக்கு வேண்டுமென்றே குறைத்துச் சொன்னது என்றுதானே கொள்ள வேண்டும்?
— ஓய்வு பெற்ற மின் பொறியாளர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பாதி உண்மை. செவ்வாய்க் கோளின் கணக்கில் 90 நாள் என்பது ஆயுள் கணிப்பு அல்ல; திட்டம் வெற்றி என்று அறிவிக்கக் கட்டாயம் எட்ட வேண்டிய குறைந்தபட்சம். அந்த அளவை எந்த நிலையிலும் எட்ட வேண்டும் என்று கட்டினால், எல்லாம் நல்லபடி நடக்கும்போது பல மடங்கு உழைப்பது தங்களைப் போன்றவர்களுக்குப் புதிதாக இராது. ஆனால் 90-ஐ எட்டுவதற்கும் 14 ஆண்டு ஓடுவதற்கும் இடையில் உள்ள தூரத்தை உறுதியான கட்டுமானம் மட்டுமே கடத்திவிடவில்லை.

சூரியத் தகடுகளில் தூசி படிந்து மின்சாரம் குன்றிவிடும் என்பதே முதல் அச்சம். அவ்வப்போது வீசிய காற்று அந்தத் தூசியைத் துடைத்துவிட்டுப் போகும் என்பது யாரும் நம்பிக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத உதவி. மற்றவை மனிதர் செய்தவை. ஊர்தி இருந்த இடம் செவ்வாயின் நடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருந்ததால், குளிர்காலத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து செல்லும். அந்த மாதங்களில் வடக்கு நோக்கிய சரிவுகளாகப் பார்த்து ஊர்தியை நிறுத்தி, தகடுகளைச் சூரியனை நோக்கிச் சாய்த்து வைத்தார்கள். தரையிறங்கிய காலத்திலிருந்தே கையின் தோள் மூட்டிலிருந்த சூடேற்றி அணைய மறுத்து மின்சாரத்தைத் தின்றது. இரவில் ஊர்தி முழுவதையும் ஆழ்ந்த உறக்கத்தில் வைத்து அதைச் சமாளித்தார்கள். 2005-இல் வலப்பக்க முன்சக்கரம் திரும்பாமல் இறுகிவிட்டது. அதன் பிறகு பின்பக்கமாகவே ஓட்டிக் கடந்த தூரம் நிறைய. கடைசி ஆண்டுகளில் நிலைத்த நினைவகம் கெட்டுப் போனதால், உறங்கும் முன் அனுப்பி முடிக்காத படங்கள் அன்றே அழிந்துபோயின. அப்படியும் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, 2018 ஜூன் 10-ஆம் நாள் கடைசியாகப் பேசியது. கோள் முழுவதையும் மூடிய புழுதிப் புயல் அதன் வெளிச்சத்தைப் பறித்துவிட்டது. 2019 பிப்ரவரி 13-இல்தான் திட்டம் முடிந்ததாக அறிவித்தார்கள். அதே வடிவமைப்பில் உருவான இரட்டையான ஸ்பிரிட், 2009-இல் இளகிய மணலில் சிக்கி, 2010 மார்ச்சில் ஓய்ந்தது. ஒரே கட்டுமானத்துக்கு இரு வேறு ஆயுள் என்பதைக் கொண்டு இடத்தின் பங்கைத் தாங்களே மதிப்பிடலாம்.

கியூரியாசிட்டிக்குத் தூசியைப் பற்றிய கவலை குறைவு. 4.8 கிலோ புளூட்டோனியம் டை ஆக்சைடு தரும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பதால், 2018 புயலின்போதும் அது வேலை செய்துகொண்டிருந்தது. அந்த மின்சாரமும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. முன்பெல்லாம் ஒரு வேலை முடிந்த பின்னே அடுத்தது என்றிருந்ததை மாற்றி, இப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே சுற்றும் கலத்துடன் பேசவும் படம் எடுக்கவும் பழக்கியிருக்கிறார்கள். விழித்திருக்கும் நேரம் குறைந்தால் மின்கலத்துக்கு மிச்சம். அதன் உண்மையான நோவு சக்கரங்கள். அரை மீட்டர் விட்டமுள்ள அலுமினியச் சக்கரங்களில், வரிகளுக்கு இடையே உள்ள தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 2013-லேயே கூரான கற்கள் அதைக் கிழித்துவிட்டன. அன்று முதல் சக்கரங்களைக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை கைக் கேமராவால் படம் பிடித்துப் பார்க்கிறார்கள். அந்தப் படங்களையும் வரிசையாகத் தொடர்ந்து பாருங்கள். பொறியாளருக்கு மலைக் காட்சியைவிட அவை சுவையாக இருக்கும்.

கேள்வி: செவ்வாயில் பாறையைக் குடைந்து வாசல் அமைத்திருக்கும் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. அது உண்மையா, ஒட்டு வேலையா?
— ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: படம் உண்மை, வாசல் இல்லை. 2022 மே 7-ஆம் நாள் கியூரியாசிட்டி எடுத்தது அது. பாறை விரிசல்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்த வெற்றிடம் அது. அதன் உயரம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், அகலம் 40. பரப்பியவர்கள் சுற்றியிருந்த பாறையை வெட்டிவிட்டு வாசலை மட்டும் பெரிதாக்கியதால் அளவு தெரியாமல் போயிற்று. இப்படி ஏதாவது வந்தால், நான் முதலில் கேட்பது எந்த நாள், எந்தக் கேமரா, அருகில் வேறு படம் உண்டா என்ற மூன்றும்தான். அருகில் எடுத்த படங்களைப் பார்த்ததும் முக்கால்வாசி அதிசயங்கள் சாதாரணக் கற்களாகிவிடும்.

ஆனாலும் எல்லாவற்றையும் அலட்சியப்படுத்தவும் கூடாது. 2014 ஜனவரியில் ஆப்பர்ச்சூனிட்டியின் முன்னால், 12 செவ்வாய் நாள்களுக்கு முன் எடுத்த படத்தில் வெறும் தரையாக இருந்த இடத்தில், வெள்ளை விளிம்பும் நடுவில் அடர்சிவப்புமாக நான்கு சென்டிமீட்டர் அளவில் ஒரு கல் புதிதாகக் கிடந்தது. உலகமே கதை கட்டியது. விஞ்ஞானிகள் சிரித்துத் தள்ளிவிடாமல் அந்தக் கல்லின் வேதியியலை அளந்தார்கள். ஊர்தி சற்று நகர்ந்த பிறகு எடுத்த படத்தில், அதன் சக்கரமே உடைத்துத் தள்ளிய பாறை சரிவின் மேல்பக்கம் தெரிந்தது. இரண்டு நாள்களின் படங்கள் கையில் இருந்ததால்தான் புதிரே எழுந்தது; மூன்றாவது படம் வந்ததால்தான் அது தீர்ந்தது.

கேள்வி: சென்ற இதழில் வெளியான பாறையின் வரிகள் தண்ணீரால் உண்டானவை என்கிறீர்கள். செவ்வாயில் காற்றும் வீசுகிறதே. காற்றால் மணலில் விழும் வரிக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?
— கல்லூரி மாணவி, தேவனாம்பட்டினம்

பதில்: சரியான இடத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். கெடிலம் கடலில் சேரும் முகத்தருகே, நீர் வற்றிய பிறகு ஆழமில்லாத குட்டைகளின் அடியில் தெரியும் வரிகளைக் குனிந்து பாருங்கள். சிற்றலைகள் நீரை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்த இடத்தில் வரியின் இருபுறச் சரிவும் ஏறக்குறைய ஒத்திருக்கும். உச்சியும் கூர்மையாக இருக்கும். காற்றோ ஒரே பக்கம் ஓடும் நீரோ உண்டாக்கிய வரியில், வரும் பக்கத்தில் நீண்ட சாய்வும் போகும் பக்கத்தில் குறுகிய, செங்குத்தான இறக்கமும் இருக்கும். கேல் பள்ளத்துப் பாறையில் கண்டவை முதல் வகை. உயரம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நான்கைந்து சென்டிமீட்டர். இந்த அளவுகளைக் கணக்கில் இட்டு, 2025-இல் வெளியான ஆய்வு, நீரின் ஆழம் இரண்டு மீட்டருக்கும் குறைவு என்று கூறியது. அந்த வரிகள் உண்டாக வேண்டுமானால் காற்று நேரடியாக நீர்ப்பரப்பைத் தொட வேண்டும்; ஆகவே அந்த ஏரியின் மேல் பனிக்கட்டி மூடியிருக்கவில்லை. காலம் 370 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆறு மில்லிமீட்டர் மேட்டிலிருந்து ஒரு கோளின் பழைய தட்பவெப்பத்தைப் பற்றி இவ்வளவு பேச முடிவதுதான், அந்தப் படத்தைச் சென்ற இதழில் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

இன்னொரு சான்று உருண்டைக் கற்கள். 2012 ஆகஸ்டில் தரையிறங்கிய சில வாரங்களிலேயே, சிமெண்ட் கலவை உடைந்து நீட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றும் பாறைகளை ஊர்தி படம் பிடித்தது. அதில் பதிந்திருந்த கூழாங்கற்களுக்கு முனை மழுங்கியிருந்தது; காற்றால் தூக்கிச் செல்ல முடியாத பருமனும் இருந்தது. கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழமுள்ள ஓடை ஒன்று உருட்டி வந்தவை என்று முடிவு செய்தார்கள். நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய கடலூர் மணற்கல்லிலும் ஆறுகள் கொண்டு வந்த சரளைப் படுகைகள் உண்டு. திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குச் சென்றால், மரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் அதைச் சுற்றியுள்ள மணற்கல்லின் அடுக்குகளையும் பாருங்கள். செவ்வாய்ப் படங்களில் நில இயலாளர்கள் தேடுவதும் இத்தகைய அடுக்குகளையே.

கேள்வி: இவ்வளவு ஆண்டு ஆராய்ந்தும் உயிர் இருந்ததா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.
— ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: தெரியாது. ஒரே சொல்லில் கேட்டதால் அவ்வளவுதான். மற்றதைக் கேட்கப் பொறுமை உள்ளவர்களுக்காக மேலும் எழுதுகிறேன்.

கியூரியாசிட்டி உயிரைத் தேடிப் போகவில்லை. உயிர் வாழத் தகுந்த சூழல் அங்கே இருந்ததா என்று பார்க்கவே போனது. அதற்கு முதல் துளையிலேயே விடை கிடைத்துவிட்டது. களிமண் கனிமங்கள், அமிலத்தன்மை மிகாத நீர், கரிமம், நைதரசன், பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவற்றின் தடயங்கள் எல்லாம் அந்தப் பழைய ஏரிச் சேற்றில் இருந்தன. அருகிலேயே 2013 மே மாதம் கம்பர்லாண்ட் என்று பெயரிட்ட பாறையிலிருந்து எடுத்த தூளை ஊர்தி தன் வயிற்றிலுள்ள ஆய்வுக்கூடத்தில் பல முறை சோதித்தது. அதில் 10, 11, 12 கரிம அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் இருப்பதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். அவை கொழுப்பு அமிலங்களின் எச்சமாக இருக்கக்கூடும். உயிர் இல்லாமலும் கொழுப்பு அமிலம் உண்டாகும் என்பதால் இதை உயிரின் சான்று என்று எவரும் சொல்லவில்லை. துளையிட்டதற்கும் அறிவித்ததற்கும் இடையே ஏறக்குறைய 12 ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள்.

பூமியில் பெருமளவு உயிர்களால் உண்டாகும் வாயுவான மீத்தேனைப் பற்றிய விவகாரம் இன்னும் தலைவலி. ஊர்தி தன்னைச் சுற்றிய காற்றில் மிகச் சிறிதளவு மீத்தேனை அளந்தது. பருவத்துக்குப் பருவம் அது கூடிக் குறைந்தது. 2019 ஜூனில் நூறு கோடியில் 21 பங்கு என்ற உச்சத்தைக் காட்டியது. மேலிருந்து அளக்கும் ஐரோப்பிய, ரஷ்யக் கலமோ மீத்தேனே தென்படவில்லை என்கிறது. இரு தரப்பும் நேர்மையான கருவிகள், முரண்பாடு தீரவில்லை.

எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது எவரும் திட்டமிடாத கண்டுபிடிப்பு. 2024 மே 30-ஆம் நாள் ஏறக்குறைய 900 கிலோ எடையுள்ள ஊர்தி ஒரு கல்லின் மேல் ஏறிப் போக, கல் நொறுங்கி உள்ளிருந்து மஞ்சள் படிகங்கள் வெளிப்பட்டன. சோதித்தால் தூய கந்தகம். அதற்கு முன் அங்கே கண்டதெல்லாம் கந்தகம் வேறு தனிமங்களோடு சேர்ந்த உப்புகளே. சுற்றிலும் அதே போன்ற வெளிறிய கற்கள் ஒரு வெளி முழுக்கக் கிடந்தன. தூய கந்தகம் உண்டாகும் சூழல்கள் எவையும் அந்த இடத்தின் வரலாற்றோடு எளிதாகப் பொருந்தவில்லை.

செய்தித்தாளில் 2025 செப்டம்பரில் வந்த, உயிரின் சாத்தியமான தடயம் என்ற செய்தி கியூரியாசிட்டியுடையது அல்ல; அது ஜெசீரோ பள்ளத்தில் ஓடும் பெர்சிவரன்ஸ் என்ற மற்றொரு நாசா ஊர்தி எடுத்த மாதிரியைப் பற்றியது. பல கடிதங்களில் இரண்டும் கலந்திருந்தன.

கேள்வி: நம் மங்கள்யான் மேலேயிருந்து இந்த ஊர்தியைப் படம் எடுத்ததா?
— ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: எடுத்திருந்தாலும் ஊர்தி தெரியாது. 2014 செப்டம்பர் 24-இல் சுற்றுப்பாதையை அடைந்த மங்கள்யானின் வண்ணக் கேமராவுக்கு, மிக நெருங்கி வரும்போதும் ஒரு படப்புள்ளி ஏறக்குறைய 20 மீட்டர் நிலப்பரப்பு. ஊர்தியின் நீளமோ மூன்று மீட்டர். அதன் பலம் கோள் முழுவதையும் ஒரே வட்டாகக் காட்டியதில் இருந்தது. ஊர்தியை மேலிருந்து பார்க்க விரும்பினால், நாசாவின் மார்ஸ் ரெக்கனைசன்ஸ் ஆர்பிட்டர் எடுத்த படங்களைத் தேடுங்கள். கியூரியாசிட்டி பாராசூட்டில் தொங்கியபடி இறங்கிக்கொண்டிருந்ததைக்கூட அது படம் பிடித்திருக்கிறது.

கேள்வி: நாள்தோறும் படங்களைப் பார்த்து வருகிறேன். சில சமயம் இரண்டு வாரம் வரை புதிதாக ஒன்றும் வருவதில்லையே. பழுதா?
— கடை உரிமையாளர், வில்லியனூர்

பதில்: பெரும்பாலும் பழுதில்லை. ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒரு முறை பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையில் சூரியன் வந்து நிற்கும். சூரியனின் வெப்ப வாயு ரேடியோ சைகையைச் சிதைத்துவிடும் என்பதால், கட்டளை ஒன்று அரைகுறையாகப் போய்ச் சேர்ந்து விபரீதம் ஆகிவிடக்கூடாது என்று, அந்த நாள்களில் புதுக் கட்டளை எதையும் அனுப்புவதில்லை. 2023-இல் நவம்பர் 11 முதல் 25 வரை இப்படி நிறுத்தி வைத்தார்கள். ஊர்தி நகராமல் நின்று, முன்பே கொடுத்த எளிய வேலைகளைச் செய்துகொண்டிருக்கும். அந்த இடைவேளைக்குச் சற்று முன், நவம்பர் 8-ஆம் நாள், தடைகளைப் பார்க்கும் கேமராக்களைக் கொண்டு விடியற்காலை ஐந்தரை முதல் மாலை ஐந்தரை வரை தன் நிழல் நகர்வதைத் தொடர்ச்சியாக எடுத்தது. பார்க்க விரும்பினால் சோல் 4002 (சோல் என்பது ஊர்தி இறங்கியதிலிருந்து எண்ணும் செவ்வாய்க் கோளின் நாள்) என்ற எண்ணில் தேடுங்கள். படங்கள் கறுப்பு வெள்ளையில் இருக்கும், லென்சில் படிந்த தூசியும் புள்ளிபுள்ளியாகத் தெரியும்.